பார்சலை அனுப்ப முன் அளப்பது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் எங்கள் கொமினிகேஷன் கடைக்குப் பார்சல் கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ வரும்?" என்றுதான். நீள அகலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் பொதியில் பல வேளைகளில் காசைத் தீர்மானிப்பது பெட்டியின் அளவுதான். உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தூக்கிச் சுமந்து வந்து, கவுண்டருக்கு முன்னால் பிரித்து, திரும்பக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. வீட்டிலேயே அளந்து பார்த்தால் அந்த அலைச்சல் இல்லை. வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களும் இவை.

பெட்டி பாரமே இல்லை. பிறகேன் கூரியரில் ஆறு கிலோவுக்குக் காசு கேட்கிறார்கள்?

விமானத்தில் இடம் மட்டுப்பட்டது. ஒரு பெரிய பெட்டிக்குள் பஞ்சு இருந்தாலும் இரும்பு இருந்தாலும் அது பிடிக்கிற இடம் ஒன்றுதான். அதனால் சர்வதேச கூரியர் நிறுவனங்கள் இரண்டு நிறைகளைப் பார்க்கின்றன. ஒன்று தராசு காட்டும் நிறை. மற்றது பெட்டியின் கனவளவிலிருந்து கணக்கிடும் நிறை. இவற்றில் எது கூடவோ அதற்குத்தான் கட்டணம்.

கணக்கு இலகுவானது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. இல் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கி, 5000 ஆல் வகுக்க வேண்டும். வருகிற விடை கிலோகிராம்.

கனடாவிலுள்ள மகளுக்கு நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைக் கூம்பு), இடியப்பத் தட்டு, ஒரு சின்னச் சுளகு எல்லாம் வைத்துக் கட்டிய பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நீளம் 40, அகலம் 30, உயரம் 25. பெருக்கினால் 30,000. அதை 5000 ஆல் வகுத்தால் 6. தராசில் வைத்தால் 1.8 கிலோதான் காட்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது பனையோலையும் காற்றும். காசு கேட்பதோ 6 கிலோவுக்கு. கூரியர்காரர் ஏமாற்றவில்லை; பெட்டி அவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது. பாரமில்லாத ஓலைச் சாமான் அனுப்புகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் வலிக்கிறது.

எல்லா இடத்திலும் 5000 தானா?

இல்லை. 6000 ஆல் வகுக்கிற சேவைகளும் உண்டு. விமானச் சரக்கில் அது நெடுங்கால வழக்கம். மேலே சொன்ன அதே பெட்டி அங்கே 5 கிலோவாகிவிடும். ஆகவே விலை விசாரிக்கும்போது "கிலோவுக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எத்தனையால் வகுக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கிலோ விலை கொஞ்சம் கூடின இடத்தில் மொத்தக் கட்டணம் குறைந்து வருவதும் நடக்கிற காரியம்தான். எப்படி முழுமையாக்குகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். அரைக் கிலோ அரைக் கிலோவாக மேலே தள்ளுவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். 3.6 வந்தால் 4 ஆகிவிடும்.

தபால் கந்தோரிலும் இதே கணக்கா?

அங்கே போக்கு வேறு. தபாலில் அளவு என்பது பெரும்பாலும் ஓர் எல்லை. எல்லைக்குள் இருந்தால் நிறையைப் பார்த்துக் கட்டணம். எல்லை தாண்டினால் அந்த வகையில் எடுக்கமாட்டார்கள். இந்த எல்லைகள் உலகத் தபால் ஒன்றியம் வகுத்தவை. 1874 இல் தொடங்கி, சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் இயங்கும் அமைப்பு அது. அதனால் அடிப்படை விதி இங்கே எப்படியோ லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு எண்கள் 90 உம் 60 உம். சிறுபொதி என்று அனுப்புவதானால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ. ஐத் தாண்டக்கூடாது, எந்த ஒரு பக்கமும் 60 செ.மீ. ஐத் தாண்டக்கூடாது, நிறை 2 கிலோவுக்குள். மேலே சொன்ன 40, 30, 25 பெட்டியைக் கூட்டிப் பாருங்கள்: 95. நிறை 1.8 கிலோவாக இருந்தும், ஐந்து செ.மீ. ஆல் அது சிறுபொதியாகப் போகும் வாய்ப்பை இழக்கிறது. இதைக் கவுண்டரில் அறிவதற்கும் வீட்டில் அறிவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அந்த எல்லையைத் தாண்டினால் பார்சல் வகை. அதற்கு வேறு எல்லை உண்டு, கீழே சுற்றளவுக் கேள்வியில் வருகிறது.

எப்போது அளக்க வேண்டும்? சாமான் வைக்க முன்னா, பிறகா?

எல்லாம் முடிந்த பிறகு. மூடி, டேப் ஒட்டி, கயிறு கட்டுவதென்றால் கயிறும் கட்டி, அதன் பிறகு. வெறும் பெட்டியை அளந்துவிட்டு வருகிறவர்களின் கணக்குத்தான் அதிகம் பிழைக்கிறது. சாமான் நிரம்பியதும் மூடியின் நடுப்பகுதி எழும்பும், பக்கச் சுவர்கள் வெளியே தள்ளும். ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. கூடினாலே 40, 30, 25 என்பது 41, 31, 26 ஆகி, 6 கிலோ 6.6 கிலோவாகிறது. அரைக் கிலோ முறையில் அது 7.

அளவு டேப்பை எங்கேயிருந்து எங்கே பிடிப்பது?

வெளிப்பக்கம், எது மிகவும் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அந்த இடத்தில். மூலையிலிருந்து மூலைக்கு ஓரத்தோடு அளந்தால் வீங்கின நடுப்பகுதி கணக்கில் வராது. டேப்பை வளைந்த மேற்பரப்பில் படிய விட்டு அளந்தாலும் பிழை. அப்போது வளைவின் நீளம்தான் கிடைக்கும், தூரம் கிடைக்காது.

நாங்கள் கடையில் செய்வது இது. பெட்டியைத் தரையில் வைத்து ஒரு பக்கத்தைச் சுவரோடு முட்டவைக்கிறோம். மறுபக்கத்தில் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, பெட்டியின் வீங்கின இடத்தில் படும்வரை நகர்த்துகிறோம். பிறகு சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தரையில் அளக்கிறோம். உயரத்துக்கு, பெட்டியின் மேல் ஒரு பலகையைச் சாயாமல் வைத்து, தரையிலிருந்து பலகையின் அடிப்பக்கம் வரை. வீங்கின பெட்டி, உருண்டை, கூம்பு எல்லாவற்றுக்கும் இந்த முறை பொய் சொல்லாது.

கிடைத்த எண்ணில் மில்லிமீற்றர் மிச்சம் இருந்தால் அடுத்த முழு செ.மீ. ஆக எழுதுங்கள். 30.3 என்றால் 31.

தையல் டேப் போதுமா?

போதும், பழையதாக இல்லாவிட்டால். துணி டேப் இழுபட்டு நீண்டுவிடும். பல வருடம் பாவித்ததை ஓர் அடிமட்டத்தோடு வைத்துச் சரி பாருங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேப் நல்லது. அதன் நுனியிலுள்ள கொக்கி சற்று ஆடுவதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொக்கியைக் கொளுவி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டவைத்து அளந்தாலும் ஒரே அளவு வரவேண்டும் என்பதற்காகக் கொக்கியின் தடிப்பளவுக்கு ஆட விட்டிருக்கிறார்கள். அடிமட்டத்தால் அளப்பவர்கள் பூச்சியக் கோடு விளிம்பிலா, சற்று உள்ளேயா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்குலத்தில் அளந்தால் என்ன?

அளக்கலாம், ஆனால் கணக்குப் போட முன் ஒவ்வொன்றையும் 2.54 ஆல் பெருக்கி செ.மீ. ஆக்க வேண்டும். 5000 என்ற எண் செ.மீ. க்கு உரியது. 16, 12, 10 அங்குலப் பெட்டியை அப்படியே பெருக்கி 5000 ஆல் வகுத்தால் அரைக் கிலோகூட வராது. மாற்றிக் கணக்கிட்டால் 6.3 கிலோ. அரைக் கிலோ என்று நம்பிக் காசு எடுத்துவந்தால் பாதி வழியில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் "ரெண்டடிப் பெட்டி" என்று இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டடி என்பது 60.96 செ.மீ. சிறுபொதியின் 60 செ.மீ. எல்லையை அது தாண்டிவிட்டது. ஒரு செ.மீ. கூட இல்லாத அந்த மிச்சத்துக்காகத் திரும்பி வரவேண்டாம்.

சுற்றளவு என்று படிவத்தில் கேட்கிறார்களே, அது எது?

மிக நீண்ட பக்கத்தை நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்துக்குக் குறுக்காக, பெட்டியின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தால் வருவதுதான் சுற்றளவு. கணக்கில் போட்டால், அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும்.

தபால் பார்சலுக்கு உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளில் மூன்று படிகள் உள்ளன. நீளம் 1.05 மீற்றருக்குள், நீளமும் சுற்றளவும் சேர்ந்து 2 மீற்றருக்குள் என்பது ஒன்று. 1.5 மீற்றர், 3 மீற்றர் என்பது அடுத்தது. 2 மீற்றர், 3 மீற்றர் என்பது மற்றது. பொதி போகிற நாடு எதை ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த நாடு என்றாலும் சிறிய எல்லைக்குள் கட்டினால் கவலையில்லை என்பது என் எண்ணம்.

100, 30, 20 பெட்டியை எடுங்கள். சுற்றளவு 100. நீளத்தோடு சேர்த்தால் 200. சிறிய எல்லைக்குள் மட்டுமட்டாக நிற்கிறது. ஒட்டும் டேப் சுற்றின தடிப்பில்கூடத் தாண்டிவிடலாம். இனி 110, 20, 20 பெட்டி. சுற்றளவு 80, மொத்தம் 190 தான். ஆனாலும் நீளம் 105 ஐத் தாண்டியதால் அந்தச் சிறிய எல்லையில் அதை எடுக்கமாட்டார்கள். இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும்.

சுருட்டிய படம், கலண்டர், வரைபடம் போன்றவற்றுக்கு?

உருளைக்குத் தனி விதி. நீளத்தோடு விட்டத்தின் இரு மடங்கைக் கூட்டினால் 104 செ.மீ. க்குள் இருக்க வேண்டும். நீளம் 90 க்குள். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் 84 செ.மீ. நீளம் வரை சரி. 85 ஆனால் கூடாது. விட்டத்தை அளக்கும்போது இரு முனைகளிலுள்ள மூடிகளையும் பாருங்கள், அவை குழாயைவிடச் சற்றுப் பருத்திருக்கும். கூரியரில் உருளை என்று கழிவு கிடையாது. விட்டத்தை அகலமாகவும் உயரமாகவும் எடுத்துப் பெட்டிபோலவே பெருக்குவார்கள்.

பெட்டியின் மேல் அளவு அச்சிட்டிருக்கிறதே, அதை எழுதலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளளவு. சாதாரண காட்போட்டின் தடிப்பு 3 முதல் 4 மி.மீ. நீளத்திலும் அகலத்திலும் இரண்டு தடிப்பு கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு என நான்கு தடிப்பு, ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. கூடும்.

கடையில் வாங்கிய பெரிய பெட்டிதான் இருக்கிறது. சின்னதாக்க முடியுமா?

முடியும். எல்லோரும் செய்யப் பழக வேண்டிய வேலை இது. காசு மிச்சமாவதில் இதை மிஞ்ச வேறொன்றுமில்லை.

சாமான்களை அடுக்கி முடித்து, இடைவெளிகளில் கடதாசி திணித்து, மேல்மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த உயரத்தில் நான்கு உட்சுவர்களிலும் பேனையால் கோடு போடுங்கள். சாமானை வெளியே எடுத்துவிட்டு, நான்கு மூலை விளிம்புகளையும் மேலிருந்து அந்தக் கோடு வரை கத்தியால் கீறி இறக்குங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு நூலளவும் போகக்கூடாது, போனால் மூலை கிழியும். பிறகு அடிமட்டத்தைக் கோட்டில் வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு மூன்று தரம் அழுத்தி இழுங்கள். வெட்ட வேண்டாம், தடம் விழுந்தால் போதும். இப்போது சுவர் அந்தத் தடத்தில் நேராக உள்ளே மடியும். மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று அதிகம் ஏறினால் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ஏறின தடிப்பும் உயரத்தில் சேரும்.

25 செ.மீ. உயரப் பெட்டி 16 ஆகிவிட்டது என்றால்: 40, 30, 16 பெருக்கி 5000 ஆல் வகுக்க 3.84. அரைக் கிலோ முறையில் 4. ஆறிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. மூன்றையும் கூட்டினால் 86, ஆகவே 1.8 கிலோ நிறையோடு தபாலில் சிறுபொதியாகவும் போகலாம். உள்ளே போகிற சாமான் ஒன்றும் குறையவில்லை. வெட்டி எடுத்தது காற்று இருந்த இடம்.

நீத்துப்பெட்டி கூம்பாக இருக்கிறதே, அதை எப்படி அளப்பது?

அதைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக நினைத்து அளக்க வேண்டும். வாயின் அகலம் இரண்டு பக்கத்துக்கும், வாயிலிருந்து நுனி வரை உயரத்துக்கும். கூம்புக்குப் பக்கத்திலுள்ள வெறுமைக்கும் காசு கட்டுகிறோம் என்பதால் அந்த வெறுமையை நிரப்பப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் அனுப்பினால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். நுனியைச் சுற்றி ஒடியல் பைக்கற்று, பனங்கட்டிக் குட்டான், மிளகாய்த்தூள் என்று சின்னச் சாமான்களை வைக்கலாம். உணவுச் சாமான் என்றால் போகிற நாடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், கருவாட்டுக்கு முக்கியமாக.

சேலை, உடுப்பு மாதிரி மெதுவான பொதிக்கு?

பையைத் தட்டையாக மேசையில் வைத்து, கையால் அமத்தாமல், அது தானாக நிற்கிற உயரத்தை அளக்க வேண்டும். அமத்தி அளந்தால் போகிற வழியில் அது திரும்ப எழும்பும். காற்றை நன்றாக வெளியேற்றிவிட்டு ஒட்டினால் உயரம் உண்மையாகவே குறையும்.

மிகச் சின்னப் பொருள், கோணேசர் கோயில் திருநீறு போல?

தபாலுக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு, 14 க்கு 9 செ.மீ. அதைவிடச் சிறியதென்றால் பெரிய உறைக்குள் வையுங்கள். முகவரி எழுதவும் முத்திரை ஒட்டவும் இடம் வேண்டுமே.

இரண்டு மூன்று செ.மீ. குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்?

தெரிந்துவிடும். பெரிய கூரியர்களின் மையங்களில் பெட்டி பட்டியில் ஓடும்போதே கருவி அளந்து பதிகிறது. வித்தியாசத்துக்குப் பிறகு பில் வரும், அல்லது தீர்க்கும்வரை பொதி நிற்கும். பிறந்தநாளுக்குப் போகவேண்டிய சாமான் பிந்திப் போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் ஏன் அளவு மாறுகிறது?

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்று மழை எங்கள் பக்கம் கடுமை. காட்போட் ஈரத்தை உறிஞ்சினால் அதன் விறைப்பு போய்விடும். அடி தொங்கும், பக்கங்கள் வெளியே தள்ளும். இரவு கட்டி சீமெந்துத் தரையில் வைத்த பெட்டியைக் காலையில் அளந்தால் வேறு எண் வரலாம். கட்டின பெட்டியை வாங்கின் மேலோ மேசையிலோ வையுங்கள். உள்ளே பொலித்தீன் விரித்து அடுக்குங்கள். கொண்டுபோகிற அன்று காலை இன்னொரு தரம் டேப்பைப் பிடியுங்கள். மூதூரிலிருந்து மழைக்குள் வருகிறவர்கள் பெட்டியை வெளியிலும் ஒரு பையால் மூடிக் கொண்டுவந்து, கவுண்டரில் கழற்றினால் நல்லது.

ஒன்றை இரண்டாகப் பிரித்தால் மலிவா?

தபாலில் பல வேளை ஆம். மூன்றரைக் கிலோப் பார்சலை இரண்டு சிறுபொதியாகப் பிரிக்க முடிந்தால் இரண்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள். கூரியரில் பெரும்பாலும் இல்லை: கனவளவு மொத்தத்தில் குறையாது, முதல் அரைக் கிலோவின் கூடின விலையை இரண்டு தரம் கட்டவேண்டி வரும். இரண்டு பெட்டியை டேப்பால் சேர்த்து ஒட்டினால் அதை ஒரே பெட்டியாக, வெளி அளவில் எடுப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பெட்டிக்குக் கன அடி என்கிறார்களே?

லண்டனிலும் கனடாவிலும் உள்ள சொந்தக்காரர் வீடுவரை அனுப்பும் கப்பல் பெட்டிக்கு இடம்தான் கணக்கு. அங்குலத்தில் மூன்றையும் பெருக்கி 1728 ஆல் வகுத்தால் கன அடி. 24, 18, 18 பெட்டி நாலரைக் கன அடி. கன அடிக்கு விலை என்றால் அந்தப் பெட்டியை நிரப்பாமல் அனுப்புவது வீண். பால்மாவும் சவர்க்காரமும் சொக்லேற்றும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கவுண்டருக்குப் போகும்போது என்ன எழுதிக்கொண்டு போவது?

ஒரு துண்டுக் கடதாசியில் நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில், மிக நீண்ட பக்கத்தை முதலில் வைத்து, செ.மீ. இல் எழுதுங்கள். கீழே மூன்றின் கூட்டுத்தொகை. அதன் கீழ் பெருக்கி 5000 ஆல் வகுத்த விடை. வீட்டில் தராசு இருந்தால் நிறை. போகிற நாடும் அங்குள்ள தபால் குறியீடும். அனுப்புநர் முகவரியில் எங்கள் நகரத்தின் 31000 ஐயும் மறக்க வேண்டாம். இந்தத் துண்டு கையில் இருந்தால் தபால் கந்தோரிலும் கூரியரிலும் தொலைபேசியிலேயே விலை கேட்டு, எது வசதியோ அங்கே நேராகப் போகலாம்.